ஒரு மணி நேர ஹெலிகாப்டர்: பில் யார் தலையில்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹவாய் தீவுகளில் எரிமலை காட்டவும் அருவி காட்டவும் ஓடுகிற சுற்றுலா ஹெலிகாப்டர்களை நிறுத்த வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவின் கட்சி. "கொஞ்சம் குறைக்கலாமே", "ஒழுங்குபடுத்தலாமே" என்று நடுவில் நின்று நல்ல பிள்ளை பேர் வாங்கும் உத்தேசம் இல்லை. ஒத்துக்கொள்ளாதவர்கள் முழுசாகப் படித்துவிட்டுப் பின்னூட்டத்தில் திட்டலாம். படிக்காமல் திட்டுபவர்களுக்குப் பதில் கிடையாது :-)

"ஹவாய் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத உனக்கு ஏன் இந்த வேலை?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. காரணம் இதுதான். 2024 டிசம்பர் 23 அன்று கிலவெயா எரிமலையின் உச்சியில் ஒரு வெடிப்பு தொடங்கியது. விட்டு விட்டு, நெருப்பை ஊற்று மாதிரிப் பீய்ச்சியது. 2025-ல் சில தடவை அது 300 மீட்டருக்கு மேல் எழும்பியது. அந்த வீடியோக்கள் எங்கள் வகுப்பு குரூப்பிலும் சுற்றின. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே பல்லவி: "வாழ்க்கையில ஒரு தடவையாவது ஹெலிகாப்டர்ல போய் இதைப் பாக்கணும்டா." சரி, ஆசைதானே என்று விட்டுவிட்டேன். அப்புறம் சுற்றுலா மார்க்கெட்டிங் அசைன்மெண்டில் ஒரு குழு வந்து, ஹெலிகாப்டர் டூர் என்பது "கால்தடம் பதியாத சுற்றுலா" என்று ஸ்லைடு போட்டது. வகுப்பே கை தட்டியது. அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கால்தடம் பதியாதாம். அது சரி, காதுத்தடம்?

இந்தத் தொழிலைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும், மிச்சம் எல்லாம் புரிந்துவிடும். ஹெலிகாப்டரில் ஏறும் பயணிக்கு சத்தத்தை அடக்குகிற ஹெட்செட் மாட்டிவிடுகிறார்கள். அதில் பைலட்டின் விளக்கம் கேட்கும், பாட்டும் கேட்கும். விளம்பரத்திலேயே இதைப் பெருமையாகப் போடுகிறார்கள். ஏன் மாட்டுகிறார்கள்? அந்த சத்தத்தில் மனுஷன் ஒரு மணி நேரம் உட்கார முடியாது என்று அவர்களுக்கே தெரியும். காசு கொடுத்தவனுக்கு ஹெட்செட் உண்டு. கீழே தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு? ஒன்றும் கிடையாது. டிக்கெட் வாங்கியவன் கேட்க விரும்பாத சத்தத்தை டிக்கெட் வாங்காதவன் தலையில் கொட்டுவதுதான் இந்த வியாபாரம்.

கணக்குப் பிள்ளை கணக்கு

பி.காம் படிக்கிற ஆள் என்பதால் காஸ்ட் ஷீட் போட்டுப் பார்ப்போம். ஒரு மணி நேர டூருக்கு ஒரு ஆளுக்கு 300, 400 டாலர் என்று வாங்குகிறார்கள். செலவுப் பக்கம்: எரிபொருள், பைலட் சம்பளம், பராமரிப்பு, இன்சூரன்ஸ், ஹெலிகாப்டரின் தேய்மானம், விமான நிலையக் கட்டணம். எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரு வரி மட்டும் இருக்காது. பறக்கிற பாதையில் குடியிருப்பவர்கள் இழக்கும் அமைதி.

ஏ.சி. பிகு என்ற பொருளாதார நிபுணர் 1920-ல் வெளியான தன் புத்தகத்தில் இதைத்தான் எழுதினார். ஒருவர் செய்யும் தொழிலின் செலவில் ஒரு பகுதி, அந்த பேரத்தில் சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆள் மேல் விழுந்தால், அந்தப் பொருளின் விலை பொய். விலை பொய்யாக இருந்தால் தேவைக்கு மேல் அது விற்கும். நாம் செமஸ்டர் தேர்வில் ஐந்து மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்துபோகிற விஷயம். தொழிற்சாலைப் புகையை உதாரணம் காட்டுவார்கள். ஹெலிகாப்டர் சத்தமும் அதே ஜாதிதான், புகை கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எவ்வளவு விற்கிறது என்று பாருங்கள். பெரிய தீவில் இருக்கிற ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். கிலவெயா இங்கேதான் இருக்கிறது. 2017 முதல் 2019 வரை இந்த ஒரு பூங்காவை ஒட்டி மட்டும் சராசரியாக ஆண்டுக்கு 11,000-க்கும் மேற்பட்ட சுற்றுலாப் பறப்புகள். 365-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 30. பகல் வெளிச்சம் பத்து மணி நேரம் என்று வைத்தால் 20 நிமிஷத்துக்கு ஒன்று. அதுவும் சராசரிதான். வானம் தெளிந்த நாளில், எரிமலை பொங்குகிற நாளில் இதைவிட அதிகமாகத்தானே இருக்கும்? ஒரு குழந்தையைத் தூங்க வைக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்று உங்கள் அக்காவைக் கேட்டுப் பாருங்கள்.

ஹெலிகாப்டர் சத்தம் விமானச் சத்தம் மாதிரி ஒரேயடியாக வந்து போய்விடுவதில்லை. சுழலும் ஒரு இறக்கை கிளப்பிவிட்ட காற்றுச் சுழலை அடுத்த இறக்கை போய் அடிக்கும்போது அந்த 'டப் டப் டப்' வருகிறது. இறங்கும்போதும் திரும்பும்போதும் அது கூடும். டூர் ஹெலிகாப்டரோ நேராகப் போவதே இல்லை. இந்தப் பக்கப் பயணிக்கு ஒரு சுற்று, அந்தப் பக்கப் பயணிக்கு ஒரு சுற்று என்று திரும்பிக்கொண்டே இருக்கும். தணிந்த சுருதி உள்ள சத்தம் வெகு தூரம் போகும். பள்ளத்தாக்கில் எதிரொலித்துத் திரும்பி வரும்.

மாவி தீவின் ஹலெயாகலா எரிமலைப் பள்ளம் உலகத்திலேயே மிக அமைதியான இடங்களில் ஒன்று. அங்கே இயற்கையாக இருக்கும் ஒலி, மனிதக் காது கேட்கக்கூடிய எல்லையைத் தொடுகிற அளவுக்குக் குறைவு. இந்தப் பூமியில் அப்படி இடம் எத்தனை மிச்சம் இருக்கிறது? அந்த மலை மேலேயும் டூர் விட்டார்கள். காசு கொடுத்தாலும் தயாரிக்க முடியாத சரக்கு அமைதி. அதை உடைத்துவிட்டு, உடைத்த சத்தம் தனக்குக் கேட்காமல் இருக்க ஹெட்செட் மாட்டிக்கொள்கிறோம். இதற்குப் பேர் இயற்கையை ரசிப்பது!

கோழிக்குக் கிடைத்த நீதி

வகுப்பில் கெட்டிக்காரர்கள் உடனே ரொனால்ட் கோஸை இழுப்பார்கள். 1960-ல் வந்த அவருடைய கட்டுரைப்படி, உரிமை யாருக்கு என்பது தெளிவாக இருந்து, பேரம் பேசச் செலவில்லை என்றால், இரண்டு தரப்பும் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ளலாமே? சரி, பேசலாம். ஆனால் வானம் யாருடையது?

இதற்கு அமெரிக்காவிலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1946, உச்ச நீதிமன்றம். வட கரோலினாவில் காஸ்பி என்பவர் கோழிப்பண்ணை வைத்திருந்தார். பக்கத்து விமானத்தளத்திலிருந்து ராணுவ விமானங்கள் அவர் நிலத்துக்கு மேல் 83 அடி உயரத்தில் பறந்தன. கோழிகள் மிரண்டு சுவரில் மோதி மோதிச் செத்தன. மொத்தம் 150 கோழிகள் வரை. நிலம் வைத்திருப்பவனுக்கு ஆகாயம் முழுக்கச் சொந்தம் என்ற பழைய கொள்கை இந்தக் காலத்துக்குச் செல்லாது என்றது நீதிமன்றம். ஆனால் நிலத்தை அனுபவிக்கவே முடியாத அளவுக்குத் தாழ்வாக, அடிக்கடி பறந்தால் அது நிலத்தை எடுத்துக்கொண்டதற்குச் சமம், நஷ்ட ஈடு கொடு என்றும் சொன்னது.

ஹவாயில் டூர் ஹெலிகாப்டர்கள் 83 அடியில் பறப்பதில்லை. தொடர்ந்து விபத்துகள் நடந்ததால் 1994-ல் 1,500 அடி என்று ஒரு குறைந்தபட்ச உயரம் வைத்தார்கள். தனி அனுமதி வாங்கினால் சில இடங்களில் 500 அடி வரைக்கும் இறங்கலாம். அதனால் காஸ்பி மாதிரி வழக்குப் போட்டு ஜெயிப்பது லேசில்லை. மாநில அரசோ கவுண்டி நிர்வாகமோ "இந்த வழியாகப் பறக்காதே" என்று உத்தரவு போடவும் முடியாது. வானம் முழுக்க மத்தியில் இருக்கும் எஃப்.ஏ.ஏ. என்ற விமானப் போக்குவரத்து அமைப்பின் கையில். ஆக, கீழே இருப்பவர் யாரிடம் போய்ப் பேரம் பேசுவார்? என்னத்தை வைத்துப் பேசுவார்? கோஸ் தியரி நன்றாகத்தான் இருக்கிறது, பேரம் பேச ஒரு மேஜை வேண்டுமே!

சட்டம் இருந்தது. திட்டம்தான் இல்லை

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்பவர்களுக்கு இந்தக் கதை. தேசியப் பூங்காக்களுக்கு மேல் சுற்றுலாப் பறப்பை முறைப்படுத்த 2000-ஆம் ஆண்டு அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு பூங்காவுக்கும் எஃப்.ஏ.ஏ.வும் தேசியப் பூங்கா சேவையும் உட்கார்ந்து ஒரு திட்டம் தயாரிக்க வேண்டும். தயாராகும் வரைக்கும் ஏற்கனவே பறந்துகொண்டிருந்தவர்களுக்கு இடைக்கால அனுமதி.

இடைக்காலம் எவ்வளவு காலம் என்று நினைக்கிறீர்கள்? இருபது வருஷம். நண்பர்களே, அந்தச் சட்டம் என்னைவிட மூத்தது. நான் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரியில் சேர்ந்த பிறகும் அந்தப் பூங்காவுக்குத் திட்டம் வரவில்லை. கடைசியில் ஹவாய் மக்களின் ஒரு கூட்டமைப்பும் அரசு ஊழியர்களின் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றும் கோர்ட்டுக்குப் போயின. 2020 மே மாதம் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் "சட்டம் சொன்ன வேலையைச் செய்" என்று உத்தரவு போட்ட பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. 2024 தொடக்கத்தில் எரிமலைப் பூங்காவுக்கான திட்டம் கைக்கு வந்தபோது அதிலிருந்த உச்சவரம்பு: ஆண்டுக்கு சுமார் 1,550 பறப்புகள்.

கவனியுங்கள். 11,000 எங்கே, 1,550 எங்கே? எட்டில் ஏழு பங்கு அதிகப்படி என்று அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரிதானே? அப்படியென்றால் இருபது வருஷமாகக் கொட்டிய அந்த ஏழு பங்கு சத்தத்துக்கு யார் ஈடு கொடுத்தார்கள்? ஒருத்தரும் கொடுக்கவில்லை. லாபம் அந்தந்த வருஷமே வங்கியில் ஏறிவிட்டது.

சப்பைக்கட்டு நம்பர் 1: "ரொம்பப் பாதுகாப்பானது"

2019 ஏப்ரல் 29. ஓவாஹு தீவின் கைலுவாவில், வீடுகள் இருக்கும் தெருவில் ஒரு டூர் ஹெலிகாப்டர் விழுந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் பலி. அதே ஆண்டு டிசம்பர் 26. கவாய் தீவில் இன்னொன்று மலையில் மோதி, குழந்தைகள் உட்பட ஏழு பேரும் பலி. 2022 ஜூன். பெரிய தீவில் ஒரு ஹெலிகாப்டரின் வால் பகுதி பறந்துகொண்டிருக்கும்போதே பிய்ந்து, எரிமலைப் பாறைவெளியில் விழுந்தது. ஆறு பேரும் பிழைத்தது அதிர்ஷ்டம். 2024 ஜூலை 11. கவாயின் நாபாலி கடற்கரைக்கு அப்பால் கடலில் ஒன்று. மூன்று பேர் பலி.

கவாய் தீவின் நடுவில் இருக்கும் வையலேயலே மலை உலகத்திலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அருவிகள் இருப்பதே அந்த மழையால்தான். ஆக எந்த மேகம் காட்சியைக் கொடுக்கிறதோ அதே மேகம்தான் பைலட்டின் கண்ணையும் மறைக்கிறது. 2019 டிசம்பர் விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கண்பார்வையை நம்பிப் பறக்கிற பைலட் கண் தெரியாத வானிலைக்குள் தொடர்ந்து பறந்ததுதான் காரணம் என்றது. மலைகளில் வானிலைக் கேமராக்கள் வைப்பதில் எஃப்.ஏ.ஏ. தாமதம் செய்ததையும் குத்திக்காட்டியது. நாளைக்கு இத்தனை டிரிப் அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்கிற தொழிலில், "மேகம் வருகிறது, இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லும் ஒவ்வொரு பைலட்டும் முதலாளிக்கு நஷ்டம். இந்த அழுத்தத்தை எந்தக் கேமரா சரிசெய்யும்?

சப்பைக்கட்டு நம்பர் 2: "கால்தடம் பதியாத சுற்றுலா"

இந்தத் தொழிலில் அதிகம் ஓடுகிற மாதிரி ஹெலிகாப்டர் மணிக்கு 150 லிட்டருக்கு மேல் எரிபொருள் குடிக்கும். லிட்டருக்கு சுமார் 2.5 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆறு பயணிகள் என்று வைத்தால் ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் 60 கிலோவுக்கும் மேல். எதற்கு? எங்கேயும் போய்ச் சேர்வதற்கு இல்லை. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதற்கு. ஸ்லைடு போட்ட நண்பர்கள் இந்தக் கணக்கை அடுத்த செமஸ்டரில் சேர்த்துக்கொள்ளவும்.

சப்பைக்கட்டு நம்பர் 3: "வேலைவாய்ப்பு போய்விடும்"

இதைத்தான் நான் மதித்துப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலை போனால் வலிக்கும். ஆனால் யோசியுங்கள். ஹவாய்க்கு வருபவர் ஹெலிகாப்டர் இருக்கிறது என்பதற்காக மட்டும் வருவதில்லை. அவர் பாக்கெட்டில் இருக்கும் 350 டாலர் ஹெலிகாப்டர் இல்லையென்றால் ஆவியாகிவிடாது. நடைப்பயணத்துக்கு வழிகாட்டுபவரிடம் போகும், படகுக்காரரிடம் போகும், ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்குப் போகும். பல லட்சம் டாலர் இயந்திரம், அதன் கடன் வட்டி, எரிபொருள் என்று தீவை விட்டு வெளியே ஓடுகிற பணத்தைவிட இந்தப் பணம் தீவுக்குள் அதிக நாள் சுற்றும். பைலட்டுகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் வேறு வேலை தேடிக்கொள்ள அவகாசம் கொடுங்கள், தப்பே இல்லை. மலையில் சிக்கியவரை மீட்க, காட்டுத் தீயை அணைக்க, நோயாளியைத் தூக்கிப்போக, எரிமலை விஞ்ஞானிகள் லாவா போகும் பாதையை அளக்க ஹெலிகாப்டர் கண்டிப்பாக வேண்டும். அதற்கு எதிராக நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கவும் மாட்டார்கள்.

சப்பைக்கட்டு நம்பர் 4: "நடக்க முடியாதவர்கள் எப்படிப் பார்ப்பது?"

கிலவெயாவைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியே எழாது. பள்ளத்தின் விளிம்புக்குக் காரில் போகலாம். சக்கர நாற்காலியில் போய்ப் பார்க்கவும் இடம் உண்டு. அதுவும் முடியாதவர்களுக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் கேமராக்கள் இணையத்தில் நேரலையாகக் காட்டுகின்றன. இலவசம்.

ஆனால் கவாயின் உள்காடு அப்படி இல்லை. அங்கே சாலை கிடையாது. 1993-ல் வந்த ஜுராசிக் பார்க் படத்தில் காட்டிய அருவி என்று ஒன்றைச் சொல்லித்தான் டிக்கெட் விற்கிறார்கள். ஹெலிகாப்டர் இல்லாவிட்டால் அதைப் பெரும்பாலானவர்கள் பார்க்க முடியாது. உண்மைதான், மறுக்கவில்லை.

பார்க்க முடியாவிட்டால் என்ன? இதுதான் என் கேள்வி. உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் நாம் பார்த்தே ஆக வேண்டும் என்று யார் எழுதிக்கொடுத்தது? சாலை இல்லை என்பதால்தான் அந்தக் காடு காடாக இருக்கிறது. கால் போகாத இடத்துக்குப் பர்ஸ் போகலாம் என்பது என்ன நியாயம்?

அவர்கள் சாமி

கடைசியாக, முக்கியமாக. ஹவாயின் பூர்வகுடி மக்களுக்குக் கிலவெயா ஒரு காட்சிப் பொருள் இல்லை. எரிமலைத் தெய்வம் பெலே குடியிருப்பது ஹலெமாஉமாஉ என்ற அந்த உச்சிப் பள்ளத்தில். இன்றைக்கும் அங்கே போய்ப் பாடிக் காணிக்கை வைக்கிறார்கள். 2018-ல் இதே எரிமலை பூனா பகுதியில் வெடித்து 700-க்கும் மேற்பட்ட வீடுகளை எடுத்துக்கொண்டது. அப்படி எடுக்கவும் கொடுக்கவும் செய்கிற ஒன்றுடன் பழகி வாழ்கிறவர்கள் அவர்கள்.

நீங்கள் சாமி கும்பிடும் இடத்தில், கற்பூரம் காட்டுகிற நேரத்தில், 20 நிமிஷத்துக்கு ஒரு ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வட்டமடித்து, உள்ளே இருந்து ஆறு பேர் போட்டோ எடுத்தால் சும்மா இருப்பீர்களா? கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் "சாமி" என்ற இடத்தில் "அப்பாவின் சமாதி" என்று போட்டுப் படியுங்கள். பதில் மாறாது.

இந்த மக்களின் ராஜ்ஜியம் 1893-ல் கவிழ்க்கப்பட்டது. 1898-ல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நூறு வருஷம் கழித்து 1993-ல் அமெரிக்க காங்கிரஸ் மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. மன்னிப்புக் கேட்ட அதே காங்கிரஸின் சட்டத்தைத்தான் இருபது வருஷம் கிடப்பில் போட்டு, அவர்கள் தெய்வத்தின் தலைக்கு மேல் டிரிப் அடித்தார்கள். மண் போய் வானமும் போன கதை.

எனவே வருஷத்துக்கு 1,550 என்பதும் எனக்கு உடன்பாடில்லை. தேவைக்கு மட்டும் ஹெலிகாப்டர், வேடிக்கைக்குப் பூஜ்யம். அதுவரைக்கும் வாடிக்கையாளராகப் போகக்கூடிய நம் கையில் இருப்பது ஒன்றுதான். நாளைக்கு வேலை கிடைத்து, சம்பளம் வந்து, ஹவாய் போகிற யோகம் வந்தால் போய் வாருங்கள். விளிம்பில் நின்று பாருங்கள், நடந்து பாருங்கள். அந்த டிக்கெட்டை மட்டும் வாங்காதீர்கள். அந்த விலை பொய் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

டிஸ்கி: ஸ்லைடு போட்ட குழுவில் என் நெருங்கிய தோழர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் மேல் கோபம் இல்லை, ஸ்லைடு மேல்தான் கோபம். பதில் பதிவு எழுதினால் இங்கேயே லிங்க் கொடுக்கிறேன். கேண்டீனில் வைத்து அடிக்கக் கூடாது :-)